ஊர் நிலத்துல 3 லட்சம் போடுறதுக்கு முன்னாடி, பால்கனியில 40 மிளகாய் விதை போடுங்க

போன மாசம் லைவ்ல ஒரு தம்பி கேட்ட கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன். ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 32,000. சொந்த ஊர் ஏரியூர் பக்கம். "அண்ணா, ஊர்ல ஒரு ஏக்கர் சும்மா கிடக்கு. போர்ல தண்ணி இருக்கு. மிளகாய் போட்டா நாலு மாசத்துல போட்ட காசு ரெண்டு மடங்காகும்னு ஒரு வீடியோ பார்த்தேன். ஆப்ல 3 லட்சம் பர்சனல் லோன் ரெடின்னு காட்டுது. எடுத்துப் போடலாமா?"

நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, முதல்ல நீங்க தங்கியிருக்கிற ரூம் பால்கனியில 40 மிளகாய் விதை போடுங்க. நாலு மாசம் கழிச்சு லோன் பத்திப் பேசலாம்." சாட்ல எல்லாரும் சிரிப்பு பொம்மை போட்டாங்க. அந்தத் தம்பியும் நான் கிண்டல் பண்றேன்னுதான் நினைச்சிருப்பார். சீரியஸாத்தான் சொன்னேன். லைவ்ல அதை விளக்க நேரம் கிடைக்கல, அதனால இங்க எழுதுறேன்.

நானும் ஏரியூர்க்காரன்தான். தெரியாதவங்களுக்கு: பென்னாகரம் தாண்டி, நாகமரை போற வழி. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ராகி, சாமை, கொள்ளு, கொஞ்சம் நிலக்கடலை. மேட்டூர் அணையில தண்ணி இறங்குற வருஷத்துல நாகமரை பக்கம் நீர்ப்பிடிப்புக்குள்ளயே இறங்கி விதைப்பாங்க. போர் இருக்கிறவங்க தக்காளி, மிளகாய்னு போவாங்க. வீட்டுக்கு ஒரு பையனோ பொண்ணோ பெங்களூர்லயோ ஓசூர்லயோ திருப்பூர்லயோ மாச சம்பளத்துல இருப்பாங்க. அதனால இந்தக் கேள்வி ஒருத்தரோட கேள்வி கிடையாது. எங்க ஊர்ல தீபாவளிக்கு வீட்டுக்கு வர்ற பசங்கள்ல பாதிப் பேர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில இதைத்தான் பேசுறாங்க.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துடுவோம். வீட்டுல மிளகாய் வளர்த்தா பணம் மிச்சமாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ரூம்ல மூணு பேர் சமைச்சுச் சாப்பிடுறீங்க, வாரத்துக்கு 100 கிராம் பச்சை மிளகாய். கடையில கிலோ 80 ரூபாய்னு வெச்சுக்கிட்டா வாரத்துக்கு 8 ரூபாய், வருஷத்துக்கு 416 ரூபாய். ஒரு மிளகாய்கூட கடையில வாங்காம இருந்தாலே மிச்சமாகிறது இவ்வளவுதான். இதுக்கு ஆன்லைன்ல "ஸ்டார்ட்டர் கிட்"னு தொட்டி, கோகோபீட், மண்புழு உரம், ஸ்ப்ரேயர், அழகான அட்டையில பத்து விதை எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்கு வாங்கினீங்கன்னா, அந்தக் காசை எடுக்கவே அஞ்சு வருஷம் ஆகும். அதுவும் செடி அஞ்சு வருஷமும் காய்ச்சாத்தான்! தெரிஞ்ச காய்க்கடை அக்கா நாலு மிளகாயைக் கொசுறாவே போடுவாங்க, அது வேற கணக்கு.

இன்னொரு குரூப் இருக்கு. பூத் ஜொலோக்கியா, கரோலினா ரீப்பர்னு "உலகத்துலயே காரமான மிளகாய்" விதையைப் பத்து விதை 200 ரூபாய்னு வாங்குறவங்க. பூத் ஜொலோக்கியா நிஜமாவே 2007-ல கின்னஸ்ல ஏறின மிளகாய், நம்ம வடகிழக்கு மாநிலங்களோட சொத்து. ஆசைக்கு வளர்க்கிறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல. ஆனா முதல் தடவை விதை போடுறவங்க அதுல ஆரம்பிக்காதீங்க. முளைக்கவே சாதா மிளகாயை விட நாள் ஆகும், நீங்க பத்தாம் நாளே தொட்டியைக் கிளறிப் பார்ப்பீங்க.

அப்போ எதுக்கு 40 விதை? உங்க நாற்பது ரூபாயை வெச்சு உங்க 3 லட்சத்தோட பிரச்சினைகளை முன்கூட்டியே பார்க்கிறதுக்கு. எனக்கு எப்படி நடந்ததுன்னு சொல்றேன்.

ஊருக்குப் போனப்ப அம்மா குழம்பு மிளகாய்க்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்த வரமிளகாயில பத்து பொறுக்கிட்டு வந்தேன். அடுப்புப் பக்கத்துல வெச்சதோ, வறுத்ததோ முளைக்காது. வெயில்ல காஞ்சது, போன வருஷத்து அறுவடைக்குள்ள இருந்தா நல்லது. ரொம்பப் பழசானா முளைப்பு குறைஞ்சுடும். கடையில வாங்குற மிளகாயிலயும் போடலாம், ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: இப்போ மார்க்கெட்ல வர்ற பச்சை மிளகாய் நிறைய எஃப்1 ஹைப்ரிட். அதுல இருந்து விதை எடுத்துப் போட்டா முளைக்கும், ஆனா தாய்ச்செடி மாதிரியே காய்க்கும்னு சொல்ல முடியாது. ஒண்ணு குட்டையா, ஒண்ணு நெட்டையா, காரமும் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். மிளகாய்ல பூச்சிகளால கலப்பு நடக்கிறதும் அதிகம். அதனாலதான் வயல்ல ஹைப்ரிட் போடுறவங்க ஒவ்வொரு தடவையும் விதையை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கு. நம்ம ஊர் வீடியோக்கள்ல "விதைச் செலவு"ன்னு ஒரே வரியில போயிடுற விஷயம் இது.

மிளகாயை உடைச்சு விதை எடுத்த கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவிடுங்க. கண்ணுல வெச்சுட்டு எனக்கு ஃபோன் பண்ணாதீங்க.

தயிர் டப்பாவுக்கு அடியில ஓட்டை போட்டு, பாதி மண், பாதி மக்கின சாணம். விதையை ராத்திரி தண்ணியில ஊற வெச்சு, காலையில அரை சென்டிமீட்டர் ஆழத்துல தூவி, மேல லேசா மண்ணு. 25-ல இருந்து 30 டிகிரி சூடு இருந்தா ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள முளைச்சிடும். பெங்களூர் டிசம்பர் குளிர்ல போட்டீங்கன்னா அதுக்கு மேலயும் இழுக்கும். பொறுமை இல்லாதவங்க அங்கேயே தோத்துடுறாங்க.

எனக்கு 40-ல 27 முளைச்சது. பெருமையா ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா எட்டு நாத்து, தண்டு மண்ணைத் தொடுற இடத்துல நூல் மாதிரி மெலிஞ்சு படுத்துக் கிடக்கு. இதுக்குப் பேரு நாற்றழுகல், மண்ணுல இருக்கிற பூஞ்சாணத்தால வர்றது. காரணம் நான்தான். ஆபீஸ்ல இருந்து வந்த உடனே பாசமா தண்ணி, தூங்கப் போறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம். விதையை முன்னாடியே டிரைக்கோடெர்மா விரிடியில புரட்டி, காலையில மட்டும் தண்ணி தெளிச்சு, நெருக்கமா போடாம இருந்திருந்தா பாதியாவது பிழைச்சிருக்கும். அம்மாகிட்ட சொன்னேன். "அது என்ன மீனாடா, எப்பப் பாத்தாலும் தண்ணியிலயே வெக்கிற?"ன்னு கேட்டாங்க.

மிச்சம் 19. முப்பத்தஞ்சு, நாப்பது நாள்ல பிடுங்கி நடணும். பழைய எண்ணெய் கேன், பெயின்ட் வாளின்னு பத்து லிட்டர் பிடிக்கிற பாத்திரத்துக்கு ஒண்ணு. எனக்குப் பத்துக்குத்தான் இடம், மீதியைப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டேன். வெயில் நல்லா விழுற இடத்துல ஏழு, சுவர் நிழல்ல மூணு. நிழல்ல இருந்த மூணும் இலை மட்டும் விட்டுச்சு, பூவே வரல.

இப்போதான் முக்கியமான இடம். ஏழுல ரெண்டுக்கு இலை சுருள ஆரம்பிச்சது. இலையைப் புரட்டிப் பார்க்கிறவங்க ரொம்பக் குறைவு, ஆனா இங்க அதுதான் எல்லாம். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி ஆனா பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு போனா சிலந்தி, அதாவது மைட். இலை சின்னதாகி, கொத்தாகி, செடியே குட்டையா நின்னுட்டா வெள்ளை ஈ கொண்டு வர்ற வைரஸ், அதைப் பிடுங்கிப் போடுறது தவிர வேற வழி இல்ல. முதல் ரெண்டுக்கும் மருந்து வேற வேற. இலைப்பேனுக்கு அடிக்கிற பல மருந்து சிலந்தியை ஒண்ணும் பண்ணாது. தொட்டியில இருந்தா வேப்பெண்ணெய்க் கரைசலை இலைக்கு அடியில படுற மாதிரி அடிச்சு, மோசமான நுனியைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கலாம். செலவு பத்து ரூபாய்.

கடைசியில நல்லாக் காய்ச்சது அஞ்சு செடி. 40 விதைக்கு அஞ்சு.

இதுல அரை மடங்கு நட்டம் என்னோட அறியாமையால வந்தது, வயல்ல அப்பா பார்த்தா இவ்வளவு சாகாதுன்னு நீங்க சொல்லலாம். சரிதான். குழித்தட்டுல நாத்து விக்கிற நர்சரிகள் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிறைய இருக்கு, முதல் கட்டச் சாவை அவங்க பார்த்துப்பாங்க. ஆனா நட்டதுக்கு அப்புறம்? ஹைப்ரிட்டை 75-க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில நட்டா ஏக்கருக்கு 9,000 செடி. ரகத்தை 60-க்கு 45-ல நட்டா 15,000. என்னோட ரெண்டு செடியில சுருண்டதை நான் நாலாம் நாள் பார்த்தேன், ஏன்னா பல் தேய்க்கிற இடத்துல இருந்துச்சு. 9,000 செடியை நாலாம் நாள் யார் பார்ப்பாங்க? நீங்க ஓசூர்ல இருப்பீங்க.

என் நண்பன் ஒருத்தன் கதை இதுதான். பேர் வேணாம், அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். 3 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, மூணு வருஷம். இஎம்ஐ 10,253. மொத்தமா வட்டி மட்டும் 69,000-க்கு மேல. லோன் கையில வந்த அடுத்த மாசமே இஎம்ஐ ஓட ஆரம்பிச்சது. ஆனா மிளகாய்க்கு நாத்து நாப்பது நாள், நட்டதுல இருந்து முதல் பச்சைப் பறிப்புக்கு 75 நாள். நாத்தை விலைக்கு வாங்கினாலும், நிலத்தைத் தயார் பண்ணி, சொட்டு நீர் போட்டு, நட்டு, முதல் காயைப் பார்க்கிறதுக்குள்ள அவன் நாலு இஎம்ஐ கட்டிட்டான். எல்லாம் சம்பளத்துல இருந்து.

நட்டு ஒரு மாசத்துல அவங்க அப்பா வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்பினார், இலை சுருண்டிருக்குன்னு. இவன் அதை அப்படியே ஒரு மருந்துக் கடைக்கு அனுப்பினான். கடைக்காரர் இலைப்பேன் மருந்து கொடுத்தார். மூணு தடவை அடிச்சாங்க. அப்புறம் தான் விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பார்த்துட்டு, இலை கீழ கவிழ்ந்திருக்கே, இது சிலந்தின்னு சொன்னார். அதுக்குள்ள பூ உதிர்ந்து ஒரு பறிப்பு போச்சு. நண்பன் என்கிட்ட சொன்னது: "ஃபோட்டோவை நான் பார்த்தேன்டா. மேல சுருண்டிருக்கா கீழ சுருண்டிருக்கான்னு பார்க்கணும்னு எனக்குத் தெரியாது." அவங்க அப்பா வாழ்நாள் முழுக்க ராகியும் கொள்ளும் போட்டவர். மிளகாய் அவருக்கும் புதுசு. அதையும் நாம மறந்துடுறோம். அப்பா விவசாயின்னா எல்லாப் பயிரும் தெரியும்னு நினைச்சுக்கிறோம்.

காய் வந்தப்ப விலை இல்ல. ஒரு நாள் பில்லை எனக்குக் காட்டினான். கிலோ 18 ரூபாய். பறிப்புக் கூலி 8, சாக்கும் வண்டி வாடகையும் சேர்த்து 2, கமிஷன் 1.80. கையில நின்னது கிலோவுக்கு 6 ரூபாய் 20 காசு. அந்தப் பறிப்புல 300 கிலோ, ஆக 1,860 ரூபாய். அதே வாரம் அவன் ரூம் பக்கத்துக் கடையில கால் கிலோ 20 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்து, தட்டுல கொட்டி வெச்சுட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்திருக்கான். இப்போ லோன்ல பாதி முடிஞ்சிருக்கு. அவன் அப்பா அவன்கிட்ட அந்த வயலைப் பத்திப் பேசுறதை நிறுத்திட்டார். காசு போனதை விட அதுதான் அவனுக்குக் கஷ்டமா இருக்கு.

மிளகாயே போடாதீங்கன்னு நான் சொல்லல. சம்பளக்காரன் காசு ஊர் நிலத்துக்குப் போகவே கூடாதுன்னு சொல்ற ஆலோசகர்கள் இருக்காங்க, அவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா எந்தக் காசு, யார் பேர்ல, எந்தக் கணக்குலன்னு பார்க்கணும்.

பயிருக்குப் பயிர்க்கடன்னு ஒண்ணு இருக்கும்போது பர்சனல் லோன் எதுக்கு? கிசான் கிரெடிட் கார்டுல 3 லட்சம் வரைக்கும் வட்டி 7 சதவீதம், சரியான தேதிக்குள்ள கட்டினா 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். நம்ம ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கி உரிய காலத்துல திருப்பிக் கட்டினா வட்டியே கிடையாது. திருப்பிக் கட்டுற தேதியும் அறுவடையை ஒட்டித்தான் வரும், அடுத்த மாசம் அஞ்சாம் தேதி வராது. சொட்டு நீருக்குத் தமிழ்நாட்டுல சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம் மானியம், மத்தவங்களுக்கு 75. என் நண்பன் இதுக்குக் கைக்காசு போட்டிருந்தான், அப்ளை பண்ணிக் காத்திருக்கப் பொறுமை இல்லாம. பயிர்க் காப்பீட்டுல தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் அதிகபட்சம் 5 சதவீதம். உங்க பிர்காவுக்கு மிளகாய் அறிவிக்கப்பட்டிருக்கான்னு மட்டும் வேளாண் ஆபீஸ்ல முதல்லயே கேட்டுடுங்க.

இது எல்லாமே நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான் நடக்கும். பட்டா அப்பா பேர்ல இருந்தா, கடனும் அவர் பேர்ல, வருமானமும் அவரோடது. நீங்க போட்ட 3 லட்சம் வருமான வரிக் கணக்குல அப்பாவுக்குக் கொடுத்த அன்பளிப்பு மாதிரி. அவருக்கு அதுக்கு வரி கிடையாது, உங்களுக்கும் அதுல எந்தக் கழிவும் கிடையாது. நிலம் உங்க பேர்ல இருந்தா விவசாய வருமானத்துக்கு வரி இல்லதான், ஆனா வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல போனா உங்க சம்பளத்துக்கு வரி விகிதம் கணக்கிடும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பாங்க, காட்டணும். வரியை விட எனக்குப் பெரிசாத் தோணுறது வேற. நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது அந்த போர், பைப், வேலி எல்லாம் நிலத்தோட சேர்ந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் அதுல பங்கு உண்டு. "நான்தான் போட்டேன்"னு அன்னிக்குச் சொன்னா உறவு கெடும். அதனால போடுற அன்னிக்கே மனசுல எழுதி வெச்சுக்கோங்க, இது முதலீடா, அப்பாவுக்குக் கொடுத்ததா. ரெண்டும் தப்பில்ல. குழப்பிக்கிறதுதான் தப்பு.

இன்னொரு கருத்து, இதுல விவசாயம் தெரிஞ்சவங்க என்னோட சண்டைக்கு வரலாம். ரெண்டு மடங்கு வீடியோக்காரங்க எல்லாரும் பச்சை மிளகாய் ஹைப்ரிட்டைத்தான் காட்டுறாங்க, விளைச்சல் கணக்கு பெரிசா இருக்கும்னு. வாரம் ஒரு தடவை பறிச்சே ஆகணும், பறிச்ச அன்னிக்கே வித்தே ஆகணும். வேலை ஒரு ஊர்ல, நிலம் ஒரு ஊர்லன்னு இருக்கிறவங்களுக்கு அது சரிப்படாது. வத்தலுக்கு ஏத்த ரகம்னா, விலை இல்லாதப்ப பழுக்க விட்டுக் காய வெச்சு வீட்டுல வெச்சுக்கலாம். நாலு கிலோ பழம் காஞ்சா ஒரு கிலோ சுமாரா வரும். ராமநாதபுரத்துல குண்டு மிளகாயை இப்படித்தான் தலைமுறையா மானாவாரியில போடுறாங்க, 2023-ல அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. அதையே கொண்டு வந்து ஏரியூர்ல நட்டா வரும்னு நான் சொல்லல, மண்ணும் மழையும் வேற. நம்ம பக்கத்துக்கு எது வத்தலுக்கு ஒத்து வரும்னு பாப்பாரப்பட்டியில இருக்கிற வேளாண் அறிவியல் மையத்துல போய்க் கேட்கலாம். வீடியோ பார்க்கிற நேரத்துல பாதி போதும்.

அதுக்கு முன்னாடி அந்த 40 விதை. ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர், இந்த மூணு பட்டத்துல எது பக்கத்துல வருதோ அதுல போடுங்க. உச்சி வெயில் மாசத்துல பூ வர்ற மாதிரி போடாதீங்க, 35 டிகிரிக்கு மேல போனா பூ கொட்டும். 100 ரூபாய்க்கு மேல செலவு பண்ணாதீங்க. ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க: எத்தனை முளைச்சது, எத்தனை செத்தது, ஏன், ஒவ்வொரு செடியிலயும் எவ்வளவு காய், பறிக்க எத்தனை நிமிஷம். அந்த நோட்டோட ஊருக்குப் போய் அப்பாகிட்ட உட்காருங்க. "நாலு மாசத்துல ரெண்டு மடங்கு"ன்னு போய் நின்னா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், பையன் ஆசைப்படுறான்னு தலையாட்டிடுவார். "என்கிட்ட அஞ்சுதான்பா பிழைச்சது, கீழ கவிழ்ந்த இலைக்கு நம்மகிட்ட மருந்தடிக்க ஆள் இருக்கா?"ன்னு கேட்டீங்கன்னா அவர் மனசுல இருக்கிறதைப் பேசுவார். வேண்டாம்னு நினைச்சா அதையும் சொல்லுவார்.

லைவ்ல கேட்ட அந்தத் தம்பி போன ஞாயித்துக்கிழமை மெசேஜ் பண்ணியிருந்தார். 31 முளைச்சிருக்காம், என்னை விட நாலு அதிகம். கூடவே ஒரு ஃபோட்டோ, ஓரத்துல மூணு நாத்து படுத்திருக்கு. "அண்ணா, இதுக்கு என்ன உரம் போடலாம்?"னு கேட்டிருக்கார். ராத்திரி தண்ணி ஊத்துறீங்களான்னு திருப்பிக் கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.